விளையாட்டும் உணவும் உள்ள பீர் ஆலையில் ஒரு மாலை: எதை முதலில் வைத்துக்கொள்வது?

மாலைமுகில்

வணக்கம். நண்பர்கள் ஏழு பேர் வரும் சனிக்கிழமை மாலை, பீரைத் தாங்களே காய்ச்சி அங்கேயே பரிமாறும் சிறிய ஆலை ஒன்றுக்குச் செல்லவிருக்கிறோம். தொட்டிகளுக்கு எதிரிலேயே மேசைகள் போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் சமையலறையும், மறுபக்கம் சிறு அம்புகளை எறியும் டார்ட்ஸ் பலகையும் மூட்டை எறியும் களமும் இருக்கின்றன. எங்களில் இருவர் மது அருந்துவதில்லை. அவர்களில் ஒருவர்தான் வண்டி ஓட்டப் போகிறார். இன்னொருவருக்குக் கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாது.

சென்ற ஆண்டு இதைப் போன்ற வேறோர் இடத்துக்குப் போய் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் என் கேள்வி அதிலிருந்துதான் பிறக்கிறது. நுழைந்தவுடன் ஆளுக்கொரு பெரிய குவளையை வரவழைத்தோம். எறிகளத்தில் இடம் காலியானதைக் கண்டு குவளையும் கையுமாக அங்கே ஓடினோம். உணவு சொல்ல வேண்டும் என்ற நினைவு வந்தபோது சமையலறையில் நெரிசல் கூடிவிட்டதால், தட்டு வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை பசித்த வயிற்றில் இரண்டாவது குவளையும் இறங்கியது. ஒரு பீரில் வெண்ணெய் வாசனை வீசியது. அது இயல்பா பிழையா என்று தெரியாததால் யாரும் வாய் திறக்கவில்லை. வீடு திரும்பியபோது என்ன குடித்தோம் என்பதையும் ஒருவராலும் சொல்ல முடியவில்லை, ஆட்டத்தில் யார் வென்றார் என்பதையும் சொல்ல முடியவில்லை. கொடுத்த பணம் மட்டும் நன்றாக நினைவிருந்தது.

சுவைப்பது, உண்பது, விளையாடுவது ஆகிய மூன்றும் ஒரே மாலைக்குள் அடங்குமா? அடங்கும் என்றால் எதை முதலில் வைத்துக்கொள்ள வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொப்பரை

நான் பல ஆண்டுகளாகப் பீர் காய்ச்சும் வேலையில் இருப்பவன் என்பதால், என் பதில் தொட்டியின் பக்கமே சாயும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். முதல் ஒரு மணி நேரத்தைச் சுவைப்பதற்கென்று ஒதுக்குங்கள். விளையாட்டு எங்கும் ஓடிவிடாது.

இத்தகைய இடங்களுக்குப் போவதற்கு உண்மையான காரணம் பீர் புதிதாக இருப்பதுதான். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் மணம் நிலையற்றது. பழமும் பைன் மரமும் மணக்கும், ஹாப்ஸ் மிகுந்த ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்) வகைப் பீர், வெப்பத்திலும் ஆக்ஸிஜனிலும் பட்டுச் சில வாரங்களிலேயே மங்கத் தொடங்கிவிடும். அதே பீரைத் தொட்டியிலிருந்து இருபது அடி தூரத்தில் உட்கார்ந்து குடிப்பதும், கடையில் வெளிச்சத்தில் நின்றிருந்த பாட்டிலைத் திறந்து குடிப்பதும் இரண்டு வேறு பானங்களைக் குடிப்பதற்குச் சமம். எனவே பெயர்ப்பலகையைப் படிப்பதற்கு முன், 'கடைசியாகக் குழாயில் ஏற்றியது எது?' என்று பரிமாறுபவரைக் கேளுங்கள். நல்ல இடத்தில் அதற்கு உடனே பதில் வரும்.

பெரிய குவளை வேண்டாம். நான்கைந்து சிறு குவளைகளை ஒரு பலகையில் வைத்துத் தரும் மாதிரித் தட்டு ஏறக்குறைய எல்லா இடங்களிலும் உண்டு. இருவருக்கு ஒரு தட்டு போதும். வெளிர் நிற லாகர் அல்லது கோதுமைப் பீரில் தொடங்கி, கசப்பு மிகுந்ததை அதற்குப் பின்னும், வறுத்த மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய தானியத்தின்) வாசனையுள்ள ஸ்டவுட்டையும் மது அளவு கூடியவற்றையும் இறுதியிலும் வைத்துக்கொள்ளுங்கள். நிறத்தைப் பார்த்துக் கனத்தை முடிவுசெய்துவிடாதீர்கள். கன்னங்கரிய ஸ்டவுட் சில வேளைகளில் நான்கு சதவீதத்தை ஒட்டியே நிற்கும். பொன்னிறத்தில் பளிச்சென்று இருக்கும் ஒன்று எட்டைத் தாண்டியிருக்கும்.

குவளையையும் கவனியுங்கள். பக்கச் சுவரில் குமிழ்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு நின்றால் அது சரியாகக் கழுவப்படாத குவளை. சுத்தமான குவளையில் ஒவ்வொரு மடக்குக்குப் பிறகும் நுரை ஒரு வளையமாகச் சுவரில் தங்கும். உறைபனி படிந்த குவளையில் கொடுத்தால் வேறு குவளை கேட்பதில் தவறில்லை, ஏனெனில் அந்தக் குளிர்ச்சியில் நாக்கு மரத்துப்போய், மணமும் மேலெழும்பாமல் அடங்கிவிடும். இரண்டு விரற்கடை நுரை இருப்பதை ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். மணம் அந்த நுரையின் வழியாகத்தான் மூக்கை எட்டுகிறது, நுரையே இல்லாமல் ஊற்றினால் வெளியேற வேண்டிய வாயு முழுவதும் உங்கள் வயிற்றுக்குள் போய்ச் சேரும்.

சாய்ந்தஅம்பு

கொப்பரை அண்ணன் சொல்வதில் பிழையில்லை, ஆனால் அவர் சொல்வது ஏழு பேர் கூடும் மாலைக்குப் பொருந்தாது. ஏழு பேரை ஒரு மணி நேரம் மேசையில் உட்கார்த்தி, மூக்கைக் குவளைக்குள் நுழைக்கச் சொன்னால் அது தேர்வறையாகிவிடும். மது அருந்தாத இருவரும் அந்த ஒரு மணி நேரம் என்ன செய்வார்கள்? விளையாட்டை முதலில் வைத்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே வருகிறார்கள், கை நிதானமாக இருக்கும்போதே ஆடுகிறார்கள். குடித்துவிட்டு டார்ட்ஸ் எறிவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், அதைப் பார்க்கிறவனாக இருப்பதுகூட எனக்குப் பிடிக்காது.

ஆட்டங்களைப் பற்றிச் சிறிது சொல்கிறேன். டார்ட்ஸ் பலகையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரத்திலும், எறிபவர் நிற்கும் கோடு பலகையின் முகப்பிலிருந்து 2.37 மீட்டர் தொலைவிலும் இருக்க வேண்டும். பல இடங்களில் கோடு ஏனோதானோ என்று போடப்பட்டிருக்கும், போனவுடன் அடியெடுத்து அளந்து பார்த்துவிடுங்கள். புதியவர்கள் எல்லோரும் உச்சியிலுள்ள 20-ஐக் குறிவைப்பார்கள். அதன் இரு பக்கமும் 1, 5 என்று பொறி வைத்திருப்பதைக் கவனிக்க மாட்டார்கள். கை பழகும் வரை பலகையின் இடப்பக்கத்தைக் குறிவையுங்கள். அங்கே கீழிருந்து மேலாக 16, 8, 11, 14, 9, 12 என்று வரும். எங்கே விழுந்தாலும் எட்டுக்குக் குறையாது. நான் பல பேரிடம் பந்தயம் வென்றது இந்த ஒரு தந்திரத்தால்தான்.

மூட்டை எறியும் ஆட்டத்தைக் கார்ன்ஹோல் என்பார்கள். 4 அடி நீளமும் 2 அடி அகலமும் கொண்ட சாய்ந்த பலகைகள் இரண்டு, 27 அடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும். ஒவ்வொன்றிலும் 6 அங்குல விட்டமுள்ள துளை ஒன்று இருக்கும். மூட்டை பலகையின் மேல் தங்கினால் 1, துளைக்குள் விழுந்தால் 3. ஒரு சுற்றில் இரு தரப்பும் எடுத்த புள்ளிகளைக் கழித்து, மிச்சத்தை மட்டும் கூடுதலாக எடுத்தவருக்குச் சேர்க்க வேண்டும். முதலில் 21-ஐ எட்டுபவர் வெற்றி பெறுவார். இந்தக் கழித்தல் விதி தெரியாமல் ஆடினால் ஆட்டம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், தெரிந்து ஆடினால் கடைசி வரை யாரும் தப்ப முடியாது. சென்ற ஆண்டு உங்களுக்கு யார் வென்றார் என்று தெரியாமல் போனதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

கொப்பரை

தம்பி, கை நிதானமாக இருக்கும்போதே ஆட வேண்டும் என்கிறீர்கள். மூக்கும் அப்படித்தான். ஒரு மணி நேரம் ஓடியாடி வியர்த்து, தாகத்தோடு வந்து உட்கார்பவர் முதல் குவளையைத் தண்ணீரைப் போலக் குடித்துவிடுவார். அதில் எதைச் சுவைப்பது? மூன்றாவது குவளைக்குப் பிறகு எனக்கே மூக்கு சோர்ந்துவிடும், இத்தனைக்கும் அது எனக்குச் சோறு போடும் மூக்கு.

தேர்வறை என்றீர்கள். அதைத் தவிர்க்கத்தான் தொட்டிகளைச் சுற்றிக் காட்டச் சொல்ல வேண்டும் என்பேன். கூட்டம் குறைந்த நேரத்தில் கேட்டால் பெரும்பாலும் கூட்டிச் செல்வார்கள், மது அருந்தாதவர்களும் அதில் சமமாகப் பங்குபெறலாம். முளைகட்டி உலர்த்திய பார்லியை நொறுக்கி, ஏறத்தாழ 65 முதல் 68 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஊறவைப்பது முதல் வேலை. முளைவிட்டபோது தானியத்துக்குள் உண்டான நொதிகள் அந்தச் சூட்டில்தான் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். அப்போது வரும் வாசனைக்கு ஈடு இணை கிடையாது. பிறகு அந்த இனிப்பு நீரை வடித்தெடுத்து, ஹாப்ஸ் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கொதிக்கவைத்து, குளிரவைத்து ஈஸ்ட் இடுகிறோம். ஏல் வகை ஈஸ்ட் அறையின் இதமான வெப்பத்தில் ஒன்றிரண்டு வாரங்களில் வேலையை முடித்துவிடும். லாகர் ஈஸ்டோ 10 பாகையை ஒட்டிய குளிரில் மெதுவாக நொதிக்கும், அதற்கு மேலும் பல வாரங்கள் உறைநிலைக்கு அருகில் ஓய்வெடுக்க வேண்டும். தொட்டிகள் குறைவாக உள்ள சிற்றாலை ஒரு தொட்டியை அத்தனை நாள் லாகருக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது என்றால் அவர்களுக்குத் தங்கள் வேலை மீது மதிப்பிருக்கிறது என்று பொருள். லாகரில் பிழையை மறைக்க இடமில்லை. கசப்பாலும் பழத்தாலும் மூடிவிட முடியாத அந்தத் தெளிந்த பீரை முதலில் கேட்டுப் பார்த்துவிட்டே மற்றவற்றைக் கேட்பது என் வழக்கம்.

உள்ளே போகும்போது மூடிய காலணி அணியுங்கள், தரை எப்போதும் ஈரமாக இருக்கும். தொட்டியின் வாய்க்குள் எட்டிப் பார்க்க வேண்டாம். நொதிக்கும்போது வெளிவரும் கார்பன் டை ஆக்ஸைடு காற்றைவிடக் கனமானது. தாழ்ந்த இடங்களில் தேங்கி மூச்சை நிறுத்திவிடும்.

சொல்லாய்வு

இடையில் குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள்க. பலர் இத்தகைய இடத்தை 'வடிசாலை' என்று எழுதுகிறார்கள். இந்த இழையில் யாரும் அப்படி எழுதாதது மகிழ்ச்சி தருகிறது. ஆவியாக்கிக் குளிரவைத்து வடித்தெடுப்பதுதான் வடித்தல். விஸ்கியும் பிராந்தியும் அவ்வாறு உருவாகின்றன. பீரில் அந்த வேலையே இல்லை. ஊறவைத்து, காய்ச்சி, நொதிக்கவைப்பதோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. 'சிற்றாலை' என்று கொப்பரை ஐயா எழுதியது எனக்குப் பிடித்திருக்கிறது, நானும் இனி அதையே பயன்படுத்துவேன்.

'கைவினை பீர்' என்ற அடைமொழியையும் சற்று எச்சரிக்கையோடு அணுகலாம். அமெரிக்காவின் பிரூவர்ஸ் அசோசியேஷன் வகுத்த வரையறையின்படி, ஆண்டுக்கு 60 லட்சம் பீப்பாய் வரை காய்ச்சும் நிறுவனமும் அதற்குள் அடங்கும். பலகையில் அந்தச் சொல் இருப்பதால் மட்டும் உள்ளே சிறிய கொப்பரைதான் இருக்கும் என்று எண்ண வேண்டியதில்லை.

தண்ணீர்க்குடம்

மது அருந்தாத இருவரின் சார்பில் நான் பேசுகிறேன், ஏனெனில் நானும் அந்தக் கட்சி. இத்தகைய இடங்களுக்கு நான் விரும்பியே போகிறேன். அங்கே எனக்கு மதுவால் சலிப்பு வந்ததில்லை. 'ஒரே ஒரு மடக்குதான், சும்மா பாருங்கள்' என்று மணிக்கு நான்கு முறை சொல்பவர்களால்தான் வந்திருக்கிறது. மாலைமுகில், நீங்கள் செய்யக்கூடிய பேருதவி, அந்த வாக்கியத்தை யாரும் சொல்லக் கூடாது என்று வண்டியிலேயே சொல்லிவிடுவதுதான்.

ஆல்கஹால் இல்லாத பீர் என்று விற்கப்படுவதிலும் பல நாடுகளின் விதிகளின்படி 0.5 சதவீதம் வரை இருக்கலாம். சமய காரணத்தாலோ மருந்து உட்கொள்வதாலோ முற்றிலும் தவிர்ப்பவர்கள் அதைக் கேட்டறிந்த பிறகே வாங்க வேண்டும். பல சிற்றாலைகள் இஞ்சியும் எலுமிச்சையும் சேர்த்த வாயுப் பானங்களையும், ஹாப்ஸ் மணம் மட்டும் ஏற்றிய சோடாவையும் குழாயிலேயே தருகின்றன. அதே வடிவக் குவளையில் கேட்டு வாங்கிக்கொண்டால், ஏன் குடிக்கவில்லை என்ற விசாரணை பாதியாகக் குறைந்துவிடும். பணத்தையும் சமமாகப் பிரிக்காமல் அவரவர் கணக்கில் போடச் சொல்லுங்கள்.

குளூட்டன் ஒவ்வாத நண்பருக்கு நான் கேள்விப்பட்ட வரை சொல்கிறேன். பார்லி, கோதுமை இரண்டிலும் அது உண்டு. நொதியைக் கொண்டு குளூட்டனைக் குறைத்த பீரும், சோளம், அரிசி, தினை போன்றவற்றிலிருந்தே காய்ச்சிய பீரும் ஒன்றல்ல. குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் உள்ளவர்கள் முன்னதை நம்பக் கூடாது. சமையலறையில் மாவு தோய்த்துப் பொரிக்கும் அதே எண்ணெயில் உருளைக்கிழங்கையும் பொரிக்கிறார்களா என்பதையும் கேட்க வேண்டும். சைவ உணவாளர் யாரேனும் இருந்தால் இன்னொரு செய்தி: சில மரபு பீர்களைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஒரு பொருளைச் சேர்ப்பதுண்டு. அதுவும் கேட்டால் சொல்வார்கள்.

கணக்குப்பிள்ளை

மாதிரித் தட்டு என்றால் 'கொஞ்சம்தான்' என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 5 சதவீத பீர் 500 மில்லிலிட்டரில் 25 மில்லிலிட்டர் எத்தனால் இருக்கிறது, அதன் எடை ஏறத்தாழ 20 கிராம். 120 மில்லிலிட்டர் குவளைகள் நான்கு கொண்ட தட்டின் மொத்த அளவு 480. அதில் உள்ளவற்றின் சராசரி 6.5 சதவீதம் என்று கொண்டால் எத்தனால் 31 மில்லிலிட்டர், எடை 24 கிராமுக்கு மேல். ஆக, சிறிய குவளைகளில் பெரிய குவளையைவிட அதிகமாகவே குடித்திருப்பீர்கள். இருவருக்கு ஒரு தட்டு என்று கொப்பரை சொன்னது வெறும் சிக்கனத்துக்காக அல்ல.

ஈரல் இதை மணிக்கு ஏழு முதல் பத்து கிராம் என்ற அளவில்தான் கரைக்கும், ஆளுக்கு ஆள் இது மாறும். காபி குடித்தாலும் முகம் கழுவினாலும் அந்த வேகம் கூடாது. எனவே 'விளையாடினால் இறங்கிவிடும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானதன்று என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு நானும் அத்தகைய இடத்துக்குப் போகிறவன்தான், ஆனால் கணக்குத் தெரிந்தே போகிறேன். வண்டி ஓட்டுபவர் ஒரு மடக்கும் குடிக்கக் கூடாது என்பதில் மட்டும் பேச்சுக்கு இடமில்லை.

அடுப்படி

உணவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே! சென்ற ஆண்டு உங்கள் மாலை கெட்டது பீராலும் அல்ல, ஆட்டத்தாலும் அல்ல, உணவை முதலில் சொல்லாததால். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் உணவைச் சொல்லிவிடுங்கள், அதையும் இரண்டு தவணையாகச் சொல்லுங்கள். முதலில் உப்பிட்ட கொட்டைகள், பாலாடைக்கட்டி போல உடனே வரக்கூடியவை. ஒரு மணி நேரம் கழித்து வயிறு நிரம்பும் உணவு. வயிற்றில் ஏதாவது இருந்தால் மது இரத்தத்தில் ஏறும் வேகமும் தணியும்.

பொருத்தம் என்று பெரிதாக ஒன்றும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வாயு நிறைந்த பீர் நாக்கில் படிந்த எண்ணெயைக் கழுவிக்கொண்டு போகும் என்பதால் பொரித்த எதற்கும் லாகர் பொருந்தும். வறுத்த மால்ட்டின் மணமும், நெருப்பில் வாட்டிய இறைச்சியின் மணமும் ஏறக்குறைய ஒரே வகை வேதிவினையால் பிறப்பவை என்பதால் கரும்பீரும் வாட்டிய இறைச்சியும் எளிதில் ஒட்டிக்கொள்ளும். சாக்லேட் இனிப்பும் அப்படியே. காரமான உணவோடு கசப்பு மிகுந்த ஐ.பி.ஏ. வேண்டவே வேண்டாம். கசப்பும் மதுவும் காரத்தின் எரிச்சலைத் தூண்டிவிடும், அணைக்கா. காரத்துக்குக் கோதுமைப் பீரின் மெல்லிய இனிப்பே நல்லது.

ஒரு வேண்டுகோள். எண்ணெய்க் கையோடு துணிமூட்டையைத் தொடாதீர்கள். அடுத்து ஆட வருபவர் நானாக இருக்கலாம்.

மாலைமுகில்

எல்லோருக்கும் நன்றி. எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் கிடைத்துவிட்டது. அந்த வெண்ணெய் வாசனை பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லை. மீண்டும் அப்படி வந்தால் என்ன செய்வது?

கொப்பரை

அதை மறந்தே போனேன். வெண்ணெய் அல்லது பட்டர் பாப்கார்ன் வாசனைக்கு டையசிட்டைல் என்ற பொருள் காரணம். நொதித்தலின்போது அது இயல்பாகவே உருவாகும், பிறகு ஈஸ்ட்டே அதைத் திரும்ப உட்கொண்டுவிடும். அவசரப்பட்டு ஈஸ்ட்டின் வேலை முடியும் முன்பே குளிரவைத்தால் அது பீரிலேயே தங்கிவிடும். ஆனால் குற்றம் எப்போதும் காய்ச்சியவருடையதன்று. குழாய்வழி அழுக்கானால் அதில் குடியேறும் பாக்டீரியாக்களும் இதே வாசனையை உண்டாக்கும், கூடவே சிறு புளிப்பும் தட்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாய்வழியைக் கழுவுவதே முறை. சில வகை ஏல்களில் மிகக் குறைந்த அளவில் இது இருந்தால் மன்னிக்கலாம் என்பவர்கள் உண்டு. லாகரில் இருந்தால் பிழைதான்.

பச்சை ஆப்பிள் வாசனை முதிராத பீரைக் காட்டும். வேகவைத்த மக்காச்சோள வாசனை கொதிப்பு போதாமையைக் காட்டும். ஈர அட்டைப்பெட்டி வாசனை வந்தால் பீர் பழையது. இவற்றையெல்லாம் சொல்வதற்குத் தயங்க வேண்டாம். பரிமாறுபவரிடம் 'இந்தக் குழாயில் வெண்ணெய் மணக்கிறது, நீங்களும் ஒருமுறை பார்க்கிறீர்களா?' என்று கேட்டால் போதும். 'பீர் நன்றாக இல்லை' என்றால் எங்களுக்கு எரிச்சல் வரும். 'வெண்ணெய் மணக்கிறது' என்றால் குழாயை நோக்கி ஓடுவோம்.

சாய்ந்தஅம்பு

சரி, அண்ணனுக்காக இறங்கி வருகிறேன். முதலில் தொட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தட்டில் பாதி முடிந்ததும் டார்ட்ஸ், அதற்குப் பிறகு பெரிய உணவு, கடைசியில் கார்ன்ஹோல். மூட்டை தவறிப் போனால் யார் கண்ணும் போகாது என்பதால் அது இறுதிக்கு ஏற்றது. டார்ட்ஸில் ஒருவர் மூன்று அம்புகளையும் எறிந்து முடிக்கும் வரை யாரும் பலகைப் பக்கம் போகக் கூடாது. கட்டைகளை ஒவ்வொன்றாக உருவி ஆடும் ஜெங்கா கோபுரம் பெரிய கட்டைகளால் செய்ததாக இருந்தால் குவளைகளை அந்த மேசையில் வைக்கவே வேண்டாம்.

மாலைமுகில்

போய் வந்துவிட்டோம். உறுதியளித்தபடி அறிக்கை.

உணவை உட்கார்ந்தவுடன் சொன்னோம். அதனால் அடுப்படி அம்மாவுக்கு முதல் வணக்கம். தொட்டிகளைச் சுற்றிக் காட்டக் கேட்டபோது, காய்ச்சுபவரே கை துடைத்துக்கொண்டு வந்தார். ஒரு பிடி மால்ட்டைக் கையில் கொடுத்து மெல்லச் சொன்னார். ஆறு பேர் மென்றோம். குளூட்டன் ஒவ்வாத நண்பர் மட்டும் முகர்ந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். சாறு எடுத்த பிறகு மிஞ்சும் தானியம் மாட்டுத் தீவனமாகப் போகிறது என்றார் காய்ச்சுபவர். அதிகம் கேள்வி கேட்டவர் மது அருந்தாத நண்பர்தான், அவரை அங்கிருந்து நகர்த்துவதற்குள் எங்கள் முதல் தட்டு உணவு ஆறிவிட்டது.

இருவருக்கு ஒரு மாதிரித் தட்டு. கோதுமைப் பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணத்தன. வாழைப்பழம் போட்டுக் காய்ச்சினார்களா என்று எங்களுக்குள் வாக்குவாதம் மூண்டது. கேட்டபோது, இரண்டும் அந்த ஈஸ்ட்டே உண்டாக்கும் மணங்கள் என்றும் பழம் எதுவும் சேர்க்கவில்லை என்றும் விளக்கினார்கள். மூன்றாவதாக வந்த வெளிர் ஏலில் அதே பழைய வெண்ணெய் வாசனை! எனக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. கொப்பரை ஐயா சொன்ன அதே வார்த்தைகளில் கேட்டேன். பரிமாறிய பெண் முகர்ந்து பார்த்தார், உள்ளே போனார், காய்ச்சுபவர் வந்து இன்னொரு குழாயிலிருந்து அதே பீரை ஊற்றித் தந்தார். அதில் வாசனை இல்லை. குழாய்வழிதான் காரணம் என்று சொல்லி, அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு எங்கள் மேசைக்குச் சிறு குவளை ஒன்று இலவசமாக வந்தது. கணக்குப்பிள்ளை அவர்களே, அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

டார்ட்ஸில் கோடு பத்து சென்டிமீட்டர் முன்னால் இருந்தது. அளந்து பின்னால் நின்றோம். அதற்குப் பிறகு யாருடைய அம்பும் சரியாகப் போகவில்லை, முன்னாலேயே நின்றிருக்கலாம். கார்ன்ஹோல் வேறு கதை. கழித்தல் விதியோடு ஆடினோம். எங்கள் அணி 20 புள்ளியில் நின்றுகொண்டு நான்கு சுற்றுகள் ஒரு புள்ளிக்காகத் தவித்தது. எதிரணியில் இருந்த வண்டி ஓட்டும் நண்பர் நாங்கள் துளையில் போட்ட ஒவ்வொன்றுக்கும் தானும் துளையில் போட்டுக் கழித்துக்கொண்டே இருந்தார். அவர் கையில் இருந்தது இஞ்சிப் பானம். கடைசியில் அவர்களே 21-ஐ எட்டினார்கள். 'ஒரு மடக்கு' என்ற வாக்கியத்தை யாரும் சொல்லவில்லை; ஆட்டம் முடிந்த பிறகு, அந்த இஞ்சிப் பானத்தில் ஒரு மடக்குத் தரும்படி நாங்கள்தான் கேட்டோம்.

சாய்ந்தஅம்பு

20-இல் நின்று தவிப்பதைவிட 18-இல் நின்று மூன்றுக்குக் காத்திருப்பது மனதுக்கு நல்லது. அந்த நண்பரை எங்கள் அணிக்கு அனுப்ப முடியுமா?

கொப்பரை

கைப்பிடியைக் கழற்றிப் பையில் போட்டார் என்றீர்களே, அந்த இடத்தை நம்பலாம். லாகர் இருந்ததா?

மாலைமுகில்

தொட்டியில் இருந்தது, குழாயில் இல்லை. இன்னும் நான்கு வாரம் குளிரில் கிடக்க வேண்டும் என்றார். ஐந்தாம் வாரச் சனிக்கிழமைக்கு ஏழு இடம் சொல்லிவைத்துவிட்டேன். தொட்டிகளுக்கு எதிரே உள்ள மேசைதான் வேண்டும் என்று இம்முறை கேட்டவர் வண்டி ஓட்டும் நண்பர்.